நான்காம் மாதிரி

2023 ஜனவரி 9, திங்கள்

போன வருடத்து டைரியில் மார்ச்சுக்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இந்த வருடம் விடக்கூடாது. ஆய்வேட்டை முடித்தே ஆக வேண்டிய வருடம் இது. முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களை ஜூன் முப்பதுக்கு மேல் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. நான் பதிவு செய்து ஏழு வருடமாகிறது. மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. நான்காவது முறை கிடையாது.

இன்று என் நெறியாளர் பேராசிரியர் சதானந்தம் அறைக்குக் கூப்பிட்டார். சாய ஆலைகள் சில சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, பொன்னங்காட்டுவலசு என்ற ஊருக்குப் பக்கத்தில் உப்புக் கழிவுநீரைத் தேக்கிவைக்கக் குட்டை வெட்டப்போகிறதாம். அடியில் களிமண்ணும் சாம்பலும் கலந்து ஒன்றரை அடிக்கு மெழுகுவார்கள். அந்தப் பூச்சு தண்ணீரைக் கீழே விடுமா விடாதா என்று நாங்கள் சோதித்துச் சொல்ல வேண்டும்.

"ரிப்போர்ட்டும் ஆச்சு, உங்க தீசிஸுக்குக் கடைசி அத்தியாயமும் ஆச்சு. மார்ச்சுக்குள்ள முடிச்சர்லாம் கோகிலா" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்தத் தடவையாவது முடியுமா?" என்றார்.

ஜனவரி 21, சனி

பொன்னங்காட்டுவலசுக்குப் போனோம். நானும் ஜெனிட்டாவும். ஜெனிட்டா தூத்துக்குடிக்காரி, ஆய்வில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் கேள்வி கேட்பாள். வண்டியில் போகும்போதே, "அக்கா, குட்டைக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம்?" என்று மூன்று முறை கேட்டாள்.

நிறுவனத்தார் ஒரு மூலையில் பாத்தி அளவுக்கு மெழுகிக் காயவைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒன்பது மாதிரிகளைக் குழாய் இறக்கி எடுத்தோம். விரல் தடிமன், விரல் நீளம். ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி எண் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் காடு. அதன் சொந்தக்காரர் பழனாத்தாள், ஐம்பது வயது இருக்கும், வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிட்டா அவரிடம் போய்ப் பேசினாள். அவருடைய கிணறு குட்டை வரும் இடத்திலிருந்து இருநூறு அடி தூரத்துக்குள்தான்.

"ஏனுங் அம்மிணி, இத்தனூண்டு மண்ண வெச்சு என்னங்க தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் படம் புடிச்சுப் பாப்பமுங்க. தண்ணி எறங்குமா எறங்காதான்னு தெரிஞ்சுரும்."

"எறங்குச்சுன்னா குட்டை வராதுங்களா?"

"வராதுங்க" என்றேன். கிளம்பும்போது ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 1, புதன்

வேலை ஓடுகிறது. மாதிரியை ஒரு மெல்லிய கார்பன் குழாயில் அடைத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நிறுத்துகிறோம். அது மெல்லச் சுழலும். ஒரு சுற்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு படம். கணினி அத்தனையையும் சேர்த்து, மண்ணின் உட்புறத்தைத் துளை துளையாகக் கட்டித் தரும். மாதிரியை உடைக்காமலே திரையில் எங்கே வேண்டுமானாலும் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். மேலிருந்து உப்புத்தண்ணீரை அழுத்தி விடுகிறோம். தண்ணீரில் அயோடைடு கலந்திருப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மணிக்கொரு ஸ்கேன். தண்ணீர் எந்தத் துளையில் நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வழி கண்டுபிடிக்கிறது என்பதெல்லாம் வரிசையாக வரும்.

முதல் சுற்றில் ஒன்பதும் தண்ணீரை நிறுத்திவிட்டன. மேல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. பேராசிரியருக்குச் சந்தோஷம்.

மதியச் சாப்பாட்டின்போது ஜெனிட்டா, "வெயில்ல குட்ட காயும்லக்கா? காய்ஞ்சு மறுபடி தண்ணி நெறஞ்சா?" என்று கேட்டாள். அதையும் சோதிக்கத்தான் போகிறோம் என்றேன். உண்மையில் அவள் கேட்டதற்குப் பிறகுதான் திட்டத்தில் சேர்த்தேன். நாலு முறை உலர்த்தி நாலு முறை நனைப்பது.

பிப்ரவரி 8, புதன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். அரை நாள் விடுப்பு. மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மூன்றாம் உலர்த்தலுக்குப் பிறகு நான்காம் மாதிரியில் வெள்ளை தெரிகிறது. ஓரத்தில். ஏழாம் மாதிரியிலும் கொஞ்சம்.

இது பழக்கமான தொல்லைதான். களிமண் காய்ந்து சுருங்கினால் மண்ணுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழும். தண்ணீர் அதன் வழியே இறங்கும். அது மண்ணின் குற்றமில்லை, சோதனையின் குற்றம். அதனால் ஓரத்து வளையத்தை நீக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பது எல்லா ஊரிலும் வழக்கம்.

சுவரோர ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, வெள்ளி

லேப். சில்லறை வேலைகள். வரும் வழியில் ரவை, கொத்தமல்லி, பாப்பாவுக்கு நோட்டு. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

பேராசிரியரிடம் படங்களைக் காட்டினேன். நான்காம் மாதிரியின் வெள்ளைக் கோடு ஓரத்தில் தொடங்குகிறது. ஆனால் பாதி உயரத்துக்குக் கீழே உள்ளே திரும்பி, நடுவை நோக்கி வந்து, அடிவரை இறங்குகிறது. அதைச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வால் எஃபெக்ட், சுவரோர ஓட்டந்தான். ஓரத்த இன்னும் கொறைங்க. நடுவுல ஒரு சின்ன பகுதி சுத்தமா இருந்தாப் போதும்" என்றார். அதையே கணினியில் ஆய்வுப் பதிவேட்டில் குறிப்பாகவும் தட்டினார்.

அவர் சொன்ன பிறகு செய்ய வேண்டியதுதான். மூன்று மில்லிமீட்டர் கனசதுரம் எடுத்தேன், நடுவிலிருந்து சற்று இடப்புறம் தள்ளி. அதற்குள் வெள்ளை இல்லை. ஏழாம் மாதிரிக்கும் அப்படியே. அறிக்கையில் "ஒன்பது மாதிரிகளிலும் நீர் ஊடுருவல் இல்லை" என்று எழுதலாம். எடுத்த பகுதியைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். சோதித்தவர் என்ற இடத்தில் நான். மேற்பார்வை என்ற இடத்தில் அவர்.

மார்ச் 6, திங்கள்

ஜெனிட்டா தன் வேலைக்காகப் பழைய ஸ்கேன்களைத் திறந்திருக்கிறாள். நான்காம் மாதிரியின் முழுப் படத்தையும் பார்த்துவிட்டாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தாள்.

"அக்கா, இத நீங்க பாத்தியளா?"

பார்த்தேன் என்றேன். சுவரோர ஓட்டம் என்றேன்.

"சொவரு இங்கல்லா இருக்கு. இது நடு மண்ணுக்குள்ள போவுது. பாருங்க, மேலேருந்து கீழ வர ஒரே விரிசல். அஞ்சு மணி நேரத்துல தண்ணி அடிக்கு வந்துட்டு." ஒவ்வொரு மணிக்கான படத்தையும் வரிசையாக ஓட்டிக் காட்டினாள். நான் ஏற்கெனவே எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்ததுதான்.

"சார் பார்த்து முடிவு பண்ணிட்டாரு ஜெனி."

"சார் தப்பா முடிவு பண்ணியிருந்தா? அந்த அம்மா கெணறு பக்கத்துலதான இருக்கு. எளநீ குடிச்சோம்லக்கா." அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நான் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். அனுமதி குடுக்கிற ஆபீஸுக்கு எழுதப் போறேன். ஒங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். நீங்களும் சேர்ந்து எழுதினா நல்லாருக்கும்."

என் ஆய்வேடு தேர்வாளர்களுக்குப் போகட்டும், அதுவரை பொறு, ஒரு மாதம்தான் என்று கெஞ்சினேன். ஒரு மாதத்தில் குட்டைக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். யோசிக்கிறேன் என்று போனாள்.

மார்ச் 7, செவ்வாய்

முதல் மூன்று அத்தியாயங்களைத் திருத்தினேன். மாலையில் மேற்கோள் பட்டியல் விஷயமாகப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாக ஜெனிட்டா பெயரும் வந்தது.

மார்ச் 9, வியாழன்

ஜெனிட்டாவின் கடவுச்சொல்லை முடக்கிவிட்டார்கள். ஆய்வகத்தின் தரவுகளை அனுமதியில்லாமல் வெளியே எடுத்தாள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம். அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ.

மார்ச் 13, திங்கள்

அவள் போய்விட்டாள். தானே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் சான்றிதழ்களைத் திருப்பித் தருகிறோம், இல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்றிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெளியே எடுத்தது எதையும் யாருக்கும் தருவதில்லை என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்களாம்.

மேசையைக் காலி செய்யும்போது நான் லேபில்தான் இருந்தேன். அவளுடைய டம்ளர், செருப்பு, காலண்டர் எல்லாம் ஒரு துணிப்பையில். வாசலில் நின்று திரும்பினாள்.

"அக்கா, நான் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மார்ச் 31, வெள்ளி

ஆய்வேடு சமர்ப்பித்தாயிற்று.

மே 4, வியாழன்

கணினி வட்டில் இடமில்லை, முடிந்த வேலைகளின் மூலப் படங்களை அழித்துவிடலாம் என்றார் பேராசிரியர். அழித்தேன். ஒன்பது மாதிரி, முந்நூற்றுச் சொச்சம் ஸ்கேன். அழிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் தேர்வுத்தாள் ஒரு கட்டுத் திருத்தி முடித்தேன்.

ஜூன் 21, புதன்

வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் கடைசி அத்தியாயத்தை மிகவும் பாராட்டினார். ஓரத்தை நீக்கியது பற்றி ஒரு கேள்வி கேட்டார். பதில் தயாராக இருந்தது. எல்லாருக்கும் முந்திரி கேக்கும் காபியும். வீட்டுக்காரர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தை ஊரிலிருக்கும் எல்லாருக்கும் போன் போட்டு, "எங்க மருமக டாக்டராயிட்டா, ஊசி போடற டாக்டர் இல்லீங்கோ" என்று சொல்லிச் சிரித்தார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய்.

2024 நவம்பர் 11, திங்கள்

ஒன்றரை வருடம் கழித்து டைரியைத் திறக்கிறேன். இனி யாரிடமும் பேச முடியாது என்பதால் இதில் எழுதுகிறேன்.

குட்டை ஜனவரியில் நிறைந்தது. கோடையில் பாதி காய்ந்தது. ஐப்பசி மழையில் மறுபடி நிறைந்தது. இரண்டு வாரமாகப் பொன்னங்காட்டுவலசில் பதினோரு கிணறு உப்பு. பேப்பரில் படம் வந்திருக்கிறது: மஞ்சள் காடு முழுக்கக் கருகிக் கிடக்கிறது. லாரியில் தண்ணீர் விடுகிறார்கள். ஊர்க்காரர்கள் மறியல் செய்ததும் எங்கள் அறிக்கையை ஆராயப் பல்கலைக்கழகம் மூன்று பேர் கமிட்டி போட்டிருக்கிறது.

பேராசிரியர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான கோகிலா அனலைஸ் பண்ணுனீங்க? உங்க கையெழுத்துதான் இருக்குது. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் கமிட்டியிலயும் சொல்லுவேன்."

"சார், நீங்கதான ஓரத்தக் கொறைக்கச் சொன்னீங்க? பதிவேட்டுலயே எழுதுனீங்களே."

"எங்க இருக்குது, காட்டுங்க" என்றார்.

அது மூலப் படங்களோடு சேர்ந்து அழிந்துபோயிற்று. அழித்தது நான்.

நவம்பர் 13, புதன்

ஜெனிட்டாவிடம் காப்பி இருக்கும். பழைய எண் வேலை செய்யவில்லை. அவள் தோழி ஒருத்தியிடம் முகவரி வாங்கினேன். அந்தத் தோழி "எதற்கு?" என்றாள். ஜெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தூத்துக்குடி. மதுரையில் இறங்கி வேறு பேருந்து. கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு, மாதா சிலை வைத்த கெபிக்கு எதிர் வீடு. ஜெனிட்டா ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். மெலிந்திருக்கிறாள். அவள் அம்மா யாரென்று தெரியாமல் என்னை உட்கார வைத்து, மீன்குழம்போடு சோறு போடுகிறேன் என்றார். டீ போதும் என்றேன்.

வழி நெடுக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன், குடும்ப நிலை அப்படி, வேலை போய்விடும் என்ற பயம், மனசு கேட்கவேயில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நான் முடித்ததும், "மன்னிப்பு கேக்க வந்தியளா, டிஸ்க் கேக்க வந்தியளா?" என்றாள்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு சின்ன வட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அன்னைக்கு எழுதிக் குடுத்ததுக்குப் பயந்து இவ்வளவு நாளு பூட்டி வச்சிருந்தேன். பேப்பர்ல அந்தம்மா காட்டப் பாத்ததும் முடியல. போன வாரம் கமிட்டிக்கு அனுப்பிட்டேன். ஒங்களுக்கும் ஒண்ணு. சாரு எழுதின குறிப்பு இருவதாந் தேதியில இருக்கு. ஆனா அக்கா, அதுக்கு மேல உள்ள வரியையும் பாத்துக்கிடுங்க. ஒங்களுக்கு அது மறந்திருக்காது."

மறக்கவில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு வேலையும் தேதி, நேரம், செய்தவர் பெயரோடு தானாகப் பதியும். பிப்ரவரி பதினேழு, காலை பதினொன்று நாற்பது. நான்காம் மாதிரி, மூன்று மில்லிமீட்டர் கனசதுரம், இடப்புறம். கோகிலவாணி.

அதாவது பேராசிரியர் சொல்வதற்கு மூன்று நாள் முன்னால். அவர் சொன்ன பிறகு நான் எதையும் புதிதாக வெட்டவில்லை. வெட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவரிடம் முழுப் படத்தைக் காட்டும்போது, அவர் அப்படிச் சொல்வாரா என்று காத்திருந்தேன். சொன்னதும் உடம்பெல்லாம் லேசானது. இத்தனை நாள் இந்த டைரியில்கூட அதை எழுதவில்லை.

பேருந்து நிலையம் வரை வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவள் அம்மாதான் தெருமுனை வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 5, வியாழன்

கமிட்டி. நீளமான மேசை. பேராசிரியர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

தலைவர் வயதான அம்மாள். பதிவேட்டை அச்செடுத்து வைத்திருந்தார். "பதினேழாம் தேதி யார் சொல்லி இதைச் செஞ்சீங்க?" என்றார்.

போகும்போதுகூட, பேராசிரியர் வாய்மொழியாக முன்பே சொல்லியிருந்தார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். யாராலும் மறுக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான்.

"யாரும் சொல்லலீங்க" என்றேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஜெனிட்டாவைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார் தலைவர். சுருக்கெழுத்தர் அதை எழுதவில்லை.

2025 ஜனவரி 22, புதன்

ஆணை வந்தது. பட்டம் ரத்து. வேலையும் போயிற்று. பேராசிரியருக்கு மேற்பார்வைக் குறைபாடு என்று எழுத்துமூல எச்சரிக்கை. மே மாதம் ஓய்வு பெறுகிறார்.

இன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர், "அந்த ஆளு சொன்னாருன்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றார். பிறகு, மோர் வேண்டும் என்றார். அத்தை சொந்தக்காரர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 3, திங்கள்

ஊர்க்காரர்கள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுகிறார்கள். படங்களை நீதிபதிக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். என்னை விட்டால் அந்த ஸ்கேன்களை அறிந்தவர்கள் இல்லை. போவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அவர்களுடைய வக்கீல் திருமூர்த்தி. ஈரோட்டில் நீதிமன்றத்துக்கு எதிரே மாடியில் அலுவலகம். பழனாத்தாளும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பழனாத்தாளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எல்லாப் படங்களையும் வரிசையாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எந்த மணியில் தண்ணீர் எங்கே இருந்தது, விரிசல் எப்படித் திரும்புகிறது, எங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன் எல்லாம் சொன்னேன். நீதிமன்றத்திலும் அப்படியே சொல்கிறேன் என்றேன். வக்கீல் கடைசிவரை கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க சொல்றது அத்தனையும் நெசம்மா. எனக்குத் தெரியுது. ஆனா உங்கள நான் கூண்டுல ஏத்துனேன்னு வைங்க, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஆர்டர் காப்பிய எடுத்து நீட்டுவாரு. அன்னிக்குப் பொய் சொன்னவங்க இன்னிக்கு யாரு சொல்லி மாத்திச் சொல்றாங்கன்னு கேப்பாரு. அதோட இவங்க கேஸு முடிஞ்சுது."

"அப்ப யாரு சொல்லுவாங்க?"

"ஜெனிட்டான்னு ஒரு டீச்சரம்மா ஒத்துக்கிட்டாங்க. அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. தேதி அன்னிக்குத் தூத்துக்குடியிலிருந்து வர்றாங்க. ஸ்டேஷன்ல இருந்து இங்க கூட்டிட்டு வர ஆளுதான் பாத்துட்டிருக்கோம்."

"நான் போறேனுங்க" என்றேன். "எனக்கு அவங்களத் தெரியும்."

வக்கீல் பழனாத்தாளைப் பார்த்தார். பழனாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றார் வக்கீல். "அவங்ககூட உங்கள யாராச்சும் பாத்தா அவங்க சாட்சியும் கெட்டுப்போகும்."

படங்களை மேசை மேலேயே விட்டுவிட்டு வந்தேன்.